டவுன்ஏஸ் டர்போ டீசல்: முகம் சீவிய ஹெட்டுக்குத் தடித்த கேஸ்கெட் போடலாமா?

வெள்ளவத்தை வாசி:
என்னிடமுள்ள பழைய டொயோட்டா டவுன்ஏஸ் வேனில் இருப்பது 2சி-டி டர்போ டீசல் இயந்திரம். காலி வீதி நெரிசலில் சூடேறி ஹெட் கேஸ்கெட் (இயந்திரத்தின் மேல்மூடியான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் உள்ள புளொக்குக்கும் இடையில் வைக்கும் தகடு) போய்விட்டதால், ஹெட்டைக் கழற்றி அதன் அடி முகத்தைத் தட்டையாகச் சீவி எடுத்திருக்கிறேன். சீவியதில் ஹெட் மெலிந்துவிட்டதாம். ஆகவே பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைப்பவற்றுள் மிகத் தடித்த கேஸ்கெட்டையே வாங்கி வரும்படி பாஸ் (மெக்கானிக்) சொல்கிறார். அது சரியா? ஞாயிற்றுக்கிழமை பூட்டும்போது டர்போவுக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியவை உண்டா?

கொட்டாஞ்சேனை டீசல்:
தம்பி, பாஸ் சொல்வது பலரும் சொல்வதுதான், ஆனால் கணக்கு பிழை. இந்த இயந்திரத்தில் எரியறை ஹெட்டுக்குள் தனியாக இருக்கிறது. ஹெட்டின் அடி முகம் தட்டையானது. ஆகவே பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியைத் தீர்மானிப்பவை, பிஸ்டன் தலை புளொக்கின் மேற்பரப்பைத் தாண்டி எவ்வளவு உயர்கிறது என்பதும் கேஸ்கெட்டின் தடிப்பும் மட்டுமே. புளொக்கில் டயல் கேஜை (நுண்ணிய உயரம் அளக்கும் முள் கருவி) வைத்து நான்கு பிஸ்டன்களையும் அளந்து, அதிகமாக உயர்வதைக் கொண்டு தொழிற்சாலைக் கையேட்டின்படி தடிப்பைத் தெரிவுசெய்யுங்கள். காரணமின்றித் தடித்ததைப் போட்டால் அமுக்கம் குறையும். நுவரெலியாக் குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அதன் பலனை அனுபவிப்பீர்கள்.

சீவியதால் உண்மையில் மாறுவது வால்வுகள் முகத்திலிருந்து உள்வாங்கியிருக்கும் ஆழம். அது குறைந்திருந்தால் வால்வு பிஸ்டனில் முட்டக்கூடும் என்பதால், வால்வுகள் அமரும் இருக்கைகளை வெட்டித் திருத்தாமல் பூட்ட வேண்டாம். வெடிப்புச் சோதனை செய்தார்களா? வார்ப்பிரும்புப் புளொக்கின் மேல் அலுமினிய ஹெட். சூடேறினால் வால்வுகளுக்கிடையே மயிரிழை வெடிப்பு விழுவது இந்த இயந்திரத்தின் பழைய வியாதி. அதைப் பார்க்காமல் கேஸ்கெட்டைப் பற்றிப் பேசுவதே வீண்.

தெகிவளை:
டர்போவைப் பற்றிச் சொல்கிறேன். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெயையும் பில்டரையும் கட்டாயம் மாற்றுங்கள். டர்போவுக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் செப்பு வாஷர்களும், எண்ணெய் திரும்பிவரும் குழாயின் கேஸ்கெட்டும் புதியனவாக இருக்கட்டும். பழைய கேஸ்கெட்டுக்குச் சிலிக்கன் பூசினால் அது பிதுங்கி வழியை அடைத்துவிடும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் எண்ணெய் வாயில் சிறிது எண்ணெய் ஊற்றிக் குழாயைப் பூட்டி, பம்பில் எரிபொருளை நிறுத்தும் சொலனொய்டின் (மின் வால்வு) வயரை இயந்திரம் ஸ்டார்ட் ஆகாதபடி கழற்றிவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் இயந்திரத்தை விட்டுவிட்டுச் சுழற்றுங்கள்.

வெள்ளவத்தை வாசி:
இருவருக்கும் நன்றி. வெடிப்புச் சோதனை செய்யப்படவில்லை. நாளை ஹெட்டைத் திருப்பிக் கொண்டுபோகிறேன். இன்று பார்த்தபோது புளொக்கின் போல்ட் துளைகள் இரண்டில் தண்ணீர் நின்றது. அதைத் துடைத்தால் போதுமா?

கொட்டாஞ்சேனை டீசல்:
துடைத்தால் போதாது, காற்றடித்து முற்றாக உலர்த்துங்கள். அடி மூடிய துளையில் நீரோ எண்ணெயோ நின்றால், இறுக்கும்போது போகவழியின்றிப் புளொக்கையே பிளந்துவிடும். அதற்கு முன்பே டோர்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) பொய்க் கணக்குக் காட்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, கையேட்டு வரிசைப்படி, பல சுற்றுகளில் இறுக்குங்கள்.