புதுப்பிப்பு: மஸ்டா எம்எக்ஸ்-5 கதவுக் கண்ணாடி ரப்பர் மாற்றியாயிற்று

என் பழைய எம்எக்ஸ்-5 காரின் கதவுக் கண்ணாடியோர ரப்பர் வெடித்து, மழை பெய்தால் கதவுக்குள் தண்ணீர் குலுங்குகிறது, ரப்பரை எப்படி மாற்றுவது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி, மாரிக்கு முன்பே வேலை முடிந்தது.

பெயின்ட் மேல் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் தகட்டால் பழைய ரப்பரை மெதுவாக நெம்பச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது, ஏனென்றால் திருகோணமலை உப்புக் காற்றில் அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் துருவேறி இறுகிப் போயிருந்தன. புது ரப்பரை வெயிலில் வைத்து இளக்கியதும் சுலபமாக உட்கார்ந்தது.

எதிர்பாராதது இதுதான்: கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் மண்ணும் துருவுமாக அடைத்திருந்தன. ரப்பர் எவ்வளவு புதிதானாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும், அது அந்தத் துளைகளால்தான் வெளியேற வேண்டும், அதனால் முதலில் அவற்றைக் குத்தித் துப்புரவாக்குங்கள். அப்புறம், ரப்பருக்கு சிலிக்கோன் கிரீஸ் அல்லது ஸ்பிரே மட்டும் பூசுங்கள். என்ஜின் ஒயிலும் சாதாரண கிரீஸும் அதை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.