புதுப்பிப்பு: தோடியோடு ஒரு வருஷம்

இந்த வருஷம் தினமும் நாகஸ்வரம் கேட்கப் போகிறேன், எங்கே தொடங்கலாம் என்று ஜனவரியில் கேட்டிருந்தேன். பலரும் சொன்னது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம். பாதி வருஷம் அதைத் தாண்டவே இல்லை!

முதலில் பழைய ஒலிப்பதிவின் இரைச்சல்தான் காதில் விழுந்தது. ஏப்ரலில் ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டபோதுதான் அந்தக் காந்தாரம், அதாவது ‘க’ ஸ்வரம், பிடிபட்டது. ஓரிடத்தில் நிற்காமல் ரிஷபத்துக்கும் (ரி) மத்யமத்துக்கும் (ம) நடுவே ஊசலாடுகிறது. பஞ்சமத்தை (ப) விட்டுவிட்டு மேலே ஏறும் இடத்தில் கண் கலங்கிவிட்டது.

அவர் பரவலாக்கிய பாரி நாயனம் என்ற நாகஸ்வரம், திமிரி என்ற இன்னொரு வகையைவிட நீளம், சுருதியும் தாழ்வு. நாதத்தில் அந்தக் கனம் அதனால்தான்.

சரி, இனி அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம். நேற்று இரவே தொடங்கிவிட்டேன்.