பொருள்: பிராஞ்சிங் நரேட்டிவ் – 'கிளைக்கதை' சரியா?

[பட்டியல் தொகுப்பவர்]

அனைவருக்கும் வணக்கம்.

கற்பனை உலக ஆர்பிஜி ஒன்றின் வசனக் கோப்பைத் தமிழாக்கும் குழுவுக்காகச் சொற்பட்டியல் தயாராகிறது. ஆர்பிஜிக்குப் 'பாத்திரமேற்பு ஆட்டம்', டயலாக் ட்ரீக்கு 'உரையாடல் மரம்', ஸ்கில் செக்குக்குத் 'திறன் சோதனை' என்று ஓரளவு ஒத்துக்கொண்டாயிற்று. இழுபறி ஒரே இடத்தில்தான். நாம் எடுக்கும் முடிவுக்கேற்ப ஆட்டம் மாறிக்கொள்ளும் தன்மையை எப்படிச் சொல்வது? பிராஞ்சிங் நரேட்டிவ் என்கிறார்கள், சாய்ஸ் அண்ட் கான்சிக்வென்ஸ் என்கிறார்கள், ரியாக்டிவிட்டி என்கிறார்கள். மூன்றும் ஒன்றல்ல என்று தெரியும். ஆனால் ஆடுகிறவர் "இந்த கேம்ல அது இருக்கு, அதனாலதான் விடமுடியல" என்னும்போது அந்த 'அது' ஒன்றுதான். அதற்குத்தான் சொல் தேடுகிறோம்.

தேவை இவ்வளவு: அறிமுகப் பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். 'உள்ள', 'இல்லாத', 'பதிந்த' என்று ஒட்டினால் உடையக் கூடாது. வாயில் சுலபமாக வர வேண்டும்.

இப்போதைக்குப் பட்டியலில் 'கிளைக்கதை' என்று போட்டிருக்கிறது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். சாய்ஸ் என்பதற்குத் தேர்வா, தெரிவா என்பதையும் முடித்துவிடலாம்.

———

[தமிழாசிரியர்]

> இப்போதைக்குப் பட்டியலில் 'கிளைக்கதை'

அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். பாரதத்துக்குள் நளன் கதை வருகிறதே, அதுதான் கிளைக்கதை. அதைக் கேட்டதால் பாண்டவர் கதை வேறு பக்கம் திரும்பிவிடவில்லை. மையக் கதைக்குப் பக்கத்தில் வரும் துணைப்பணியான சைட் குவெஸ்ட் என்பதற்குக் கிளைக்கதை கச்சிதமாகப் பொருந்தும், அதற்கே ஒதுக்கிவிடுங்கள்.

வழி பிரிவதற்குப் பழைய வினை 'கவர்'. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் மதுரைக்குப் போகும் கோவலனிடம் மறையோன் வழி சொல்கிறான். கொடும்பை நெடுங்குளக் கரையை அடைந்தால் நெறி சூலம்போல் மூன்றாகக் 'கவர்க்கும்' என்கிறான். வலப்பக்கம் போனால் என்ன, இடப்பக்கம் போனால் என்ன, நடுவழியில் குறுக்கே வரும் தெய்வம் எது என்று மூன்றுக்கும் விவரம் தருகிறான். ஆட்டத்தின் தெரிவுத் திரை அப்படியே இருக்கிறது. ஆகவே 'கவர்கதை'. பிடிக்காவிட்டால் 'பிரிகதை'. பின்னது வினைத்தொகை, பிரிந்த, பிரிகிற, பிரியும் என்று மூன்று காலமும் உள்ளே அடங்கும். வல்லினம் மிகாது. தயவுசெய்து 'பிரிக்கதை' என்று எழுதிவிடாதீர்கள்.

தேர்வு என்றால் பரீட்சை ஞாபகம் வரும். தெரிவே இருக்கட்டும். இலங்கை வழக்கில் 'தெரிவு செய்' அன்றாடச் சொல்தான்.

———

[ஆட்டச் சோதனையாளர்]

ஐயா, 'கவர்கதை' என்று போட்டால் பாதிப்பேர் கவர் ஸ்டோரி என்று படிப்பார்கள், மீதிப்பேர் கவர்ச்சிக் கதை என்று நினைத்து வேறு எதையோ எதிர்பார்த்து வருவார்கள். 'கவை' பக்கம் போகலாமென்றால் கவைக்குதவாத கதை என்று கிண்டல் வரும். 'பிரிகதை' பரவாயில்லை, கொஞ்சம் பிரிவாற்றாமை வாடை அடிக்கிறது.

———

[நிரலாளர்]

> பிரிந்த, பிரிகிற, பிரியும் என்று மூன்று காலமும்

இலக்கணத்தில் குறையில்லை, ஆசிரியரே. பொருளில்தான் இடறுகிறது. இந்த ஆட்டங்களைத் திறந்து பார்த்தால் கதை அவ்வளவாகப் பிரிவதே இல்லை.

கணக்குப் போடுங்கள். ஒரு முடிவுக்கு இரண்டு வழி, பிரிந்தது மறுபடி சேராது என்று வைத்துக்கொண்டால், பத்து முடிவுக்கு 1,024 கதை எழுத வேண்டும். இருபது முடிவுக்கு 10,48,576. எழுத ஆளும் கிடையாது. எழுதினாலும் ஒருவர் ஒருமுறை ஆடுகையில் பார்ப்பது அதில் ஒரே ஒரு இழை. அதனால் எல்லாரும் செய்வது இதுதான்: பிரிப்பார்கள், மூன்று நான்கு காட்சி தனியாக ஓடவிடுவார்கள், பிறகு தவிர்க்கவே முடியாத ஒரு நிகழ்ச்சியில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். சேர்ந்த பிறகு பாதை ஒன்றுதான். மாறியிருப்பது ஆட்டத்தின் ஞாபகம்: நடந்ததைக் குறித்துவைக்கும் சில ஃபிளாக்குகள், சில எண்கள்.

லேரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அங்கத்தில் எமரால்டு குரோவில் டீஃப்லிங் அகதிகள் ஒதுங்கியிருக்கிறார்கள். அவர்களைக் காக்கலாம், அவர்களைத் தாக்க வரும் படைத்தலைவி மின்தாராவோடு சேர்ந்து அழிக்கவும் செய்யலாம். எதைச் செய்தாலும் இரண்டாம் அங்கத்தில் அதே இருள் சூழ்ந்த நிலம், அதே மூன்ரைஸ் கோபுரம். ஆனால் அழித்தவரின் அணியைவிட்டுத் தோழர்களான வில், கார்லாக் இருவரும் விலகிவிடுவார்கள். காத்தவருக்கோ, குரோவில் பார்த்த கொல்லன் டாமன் அடுத்த அங்கத்தில் லாஸ்ட் லைட் விடுதியில் உயிரோடு எதிர்ப்படுவான். நரக இரும்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கார்லாக்கின் நெஞ்சில் எரியும் எந்திரத்தைச் செப்பனிடுவான். அதுவரை தொட்டவரைச் சுட்டுவிடும் உடம்பு அவளுக்கு. யாரையும் அணைத்துக்கொள்ள முடிவது அதற்கப்புறம்தான்.

நிரலில் இது தனிக் கிளையாக இருக்க வேண்டியதில்லை. 'டாமன் உயிரோடு இருக்கிறானா?' என்ற ஒரு வரிக் கேள்வி போதும். கூடுதல் செலவு சில வசனம், ஒரு காட்சி. ஆடுகிறவருக்குக் கிடைப்பதோ "நான் அன்றைக்குக் காப்பாற்றினேன், அதனால்தான் இது" என்ற நினைப்பு. பிடித்துப்போவது அந்த 'அதனால்தான்'. அதே ஆட்டத்தில் பிணத்தோடு பேசும் மந்திரம் இருக்கிறது, ஐந்து கேள்வி கேட்கலாம். கொன்றவனே வந்து கேட்டால் பிணம் வாய் திறக்காது, மாறுவேடத்தில் வந்தால் திறக்கும். இவ்வளவு சின்ன விஷயத்தையும் ஆட்டம் ஞாபகம் வைத்திருக்கிறதா என்று அசந்துபோவார்கள்.

பிசகுவதும் இதே இடத்தில்தான். ஃபிளாக்கை உரையாடலில் போடுவார்கள், நிகழ்ச்சியில் போடமாட்டார்கள். பேச்சைத் தொடங்காமலே ஒருவர் தூரத்திலிருந்து அம்பெய்து அந்த ஆளைக் கொன்றுவிடுவார். 'இறந்தான்' என்ற குறிப்பு எங்கும் ஏறாது. இரண்டு மணி நேரம் கழித்து அவன் மனைவி "அவரைப் பார்த்தால் சாப்பிட வரச் சொல்லுங்கள்" என்பாள். இன்னொன்று, ஆம்/இல்லை மட்டும் வைப்பது. தொடக்க மதிப்பு 'இல்லை' என்பதால், உதவ மறுத்தவரும் அந்தப் பக்கமே போகாதவரும் ஒன்றாகிவிடுவார்கள். சந்திக்கவே இல்லாத கிழவி "அன்றைக்குக் கைவிட்டாயே" என்று திட்டுவாள். இன்னும் நடக்கவில்லை, செய்தார், மறுத்தார் என்று மூன்று நிலை வேண்டும். குறிப்பின் பெயரும் நடந்ததைச் சொல்ல வேண்டும். 'கெட்ட வழி' என்று பெயர் வைத்தால் நாலு மாதம் கழித்து எழுதியவருக்கே புரியாது.

ஆகவே சொல் ஞாபகத்தைச் சுட்டட்டும். ஃபிளாக்குக்கு 'முடிச்சு' எப்படி? மறக்காமலிருக்க முந்தானையில் முடிந்துகொள்வதுபோல.

———

[ஆட்டச் சோதனையாளர்]

முடிச்சு அழகுதான், ஆனால் இரண்டு இடத்தில் முட்டும். கதை முடிச்சு என்று விமர்சனத்தில் எழுதுகிறோம். தவிர, இவ்வகை ஆட்டங்களை எழுதப் பயன்படும் இங்க் மொழியில் கதைப் பகுதிக்கே நாட் என்று பெயர். மூன்று சமக்குறி போட்டுத் தொடங்குவோமே, அது. மொழிபெயர்த்தால் இரண்டும் முடிச்சாகி, ஆவணம் சிக்கலாகும்.

ஞாபகம் என்பது சரி. அதோடு இரண்டைச் சேர்க்க வேண்டும்.

ஒன்று, தாமதம். 2015-இல் வந்த விட்சர் 3-இல் குன்றின் அடியில் மரத்தோடு பிணைந்து கிடக்கும் ஓர் ஆவி. விடுவித்தால் சதுப்பு நிலத்து அநாதைக் குழந்தைகள் பிழைப்பார்கள். ஆனால் பக்கத்துக் கிராமம் அழியும், பாரன் எனப்படும் பிரபுவின் மனைவி அன்னா சாவாள், பாரன் தூக்கில் தொங்குவான். ஆவியைக் கொன்றால் குழந்தைகள் போய்விடுவார்கள். அன்னா புத்தி பேதலித்தாலும் உயிரோடு இருப்பாள், வைத்தியம் தேடி அவளைக் கூட்டிக்கொண்டு பாரன் கிளம்புவான். தெரிவு செய்கிற நிமிடத்தில் இதில் பெரும்பகுதி தெரியாது. தெரியவரும்போது திரும்பிப் போக உதவும் பழைய சேமிப்பு (சேவ்) வெகுதூரம் பின்னால் போயிருக்கும். 'நல்லது', 'கெட்டது' என்று நிறம் பூசிய இரண்டு பொத்தான் வைக்கும் ஆட்டங்களில் இந்தக் கனம் வராது. அங்கே ஆள் யோசிப்பதில்லை, எந்தப் புள்ளி ஏறும் என்று பார்த்து அழுத்துகிறார்.

இரண்டு, பகடை. தெரிவு செய்துவிட்டால் நடந்துவிடும் என்றில்லை. பால்டர்ஸ் கேட் 3-இல் 20 முகப் பகடை திரையிலேயே உருளும். எட்ட வேண்டிய கடின எண் 15, உங்கள் திறன் கூட்டல் 5 என்றால், 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், வாய்ப்பு 55 விழுக்காடு. கைடன்ஸ் மந்திரம் போட்டால் ஒரு 4 முகப் பகடை சேர்ந்து 67.5 ஆகும். மந்திரமில்லாமல் இருமுறை உருட்டி நல்லதை எடுக்கும் சலுகை கிடைத்தால் 79.75. எவ்வளவு கூட்டினாலும் பகடை 1 காட்டினால் தோல்விதான். வழுக்குவது இங்கேதான்: தோற்றால் 'மறுபடி முயல்க' என்று மட்டும் வைத்தால் ஆள் பழைய சேமிப்பைத் திறப்பார். தோல்விக்கும் ஒரு காட்சி, ஒரு வேறு வழி எழுதியிருந்தால் அப்படியே போய்ப் பார்ப்பார். சொல்லப்போனால் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பது அந்தத் தோல்விகளைத்தான்.

இன்னொரு சொல்லும் காத்திருக்கிறது. ஆடுகிறவர் தானே முடிவெடுத்துச் செயல்படும் ஆற்றலான பிளேயர் ஏஜென்சியை ஒரு வரைவில் 'ஆட்டக்காரர் முகமை' என்று பார்த்தேன். பயணச்சீட்டு பதிந்து தருவார்களோ என்று தோன்றியது.

———

[தமிழாசிரியர்]

முகமை வேண்டவே வேண்டாம். செய்வினை எனலாமா என்று பார்த்தேன். மந்திரவாதி வரும் ஆட்டத்தில் அதைப் போட்டால் யாரோ எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்துகிறார்கள் என்று நினைப்பார்கள். 'தன்வினை' பொருந்தும். தன்வினை தன்னைச் சுடும் என்ற பேச்சில் செயலும் பலனும் சேர்ந்தே இருக்கின்றன. இலக்கணத்தில் வேறு பொருள் உண்டு, இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

உங்கள் 'அது'வுக்கு இப்போது வேறொன்று தோன்றுகிறது: தடம். வழித்தடம் என்றால் போகும் பாதை, காலடித்தடம் என்றால் போனபின் கிடக்கும் சுவடு. தெரிவும் அதன் மிச்சமும் ஒரே சொல்லில். கதைக்குத் 'தடக்கதை'.

———

[நிரலாளர்]

வாக்கியத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன்.

ஃபிளாக் போடு: தடம் பதி. சரிபார்: தடம் பார். விமர்சனத்தில்: "தெரிவு நூறு இருக்கிறது, தடம் ஒன்றுகூட இல்லை." எதை அழுத்தினாலும் அடுத்த வரி ஒன்றாகவே இருக்கும் போலித் தெரிவுக்கு: தடம் பதியாத தெரிவு. செத்துப்போன கணவனுக்குச் சோறு வைக்கும் வழுவுக்கு: கதை தடம் புரண்டது. இது தானாகவே வந்து விழுந்தது, யாரும் கற்பிக்க வேண்டாம்.

தகவல் பலகைச் செய்தியும் வேண்டும். 2012-இல் வந்த வாக்கிங் டெட் ஆட்டம் பிரபலமாக்கியது, இன்னார் இதை நினைவில் வைப்பார் என்று மூலையில் தோன்றும் வரி. 'நினைவில் வைத்துக்கொள்வாள்' என்று போட்டால் பாடம் படிப்பதுபோல் இருக்கிறது. 'இதை அவள் மறக்கமாட்டாள்' என்றால் நன்றியா, கறுவலா என்று தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் நோக்கம்.

———

[பட்டியல் தொகுப்பவர்]

ஆசிரியரே, ஓர் ஐயம். தடக்கை என்றால் பெரிய கை. தடக்கதை என்றால் பெரிய கதை ஆகாதா?

———

[தமிழாசிரியர்]

ஆகும். கொங்குவேளிர் எழுந்துவந்து 'பெருங்கதை என் சரக்கு' என்பார். ஆனால் தொல்காப்பிய உரியியலை இன்னும் ஒரு அடி கீழே படியுங்கள். தட என்பதற்குப் பெருமை என்று சொன்ன கையோடு, 'கோட்டமும் செய்யும்' என்கிறார். கோட்டம் என்றால் வளைவு. கதை பிரிவதில்லை, நம் செயலுக்கு வளைகிறது என்றுதானே நிரலாளர் பக்கம் பக்கமாக எழுதினார்?

———

[பட்டியல் தொகுப்பவர்]

அப்படியே ஏற்றிவிட்டேன். கிளைக்கதை சைட் குவெஸ்டுக்கு. தடக்கதை, தடம் பதி, தடம் பார், தன்வினை, தெரிவு உள்ளே. பிரிகதையை, உண்மையிலேயே சேராமல் பிரிந்துபோகும் கட்டமைப்புக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

வசனக் குழுவுக்கு ஒரு குறிப்பு. தெரிவு வரிகளைத் தன்மையில் எழுதுங்கள்: 'விடுவிக்கிறேன்', 'கொல்வேன்'. பாத்திரம் ஆணா, பெண்ணா என்பதை ஆடுகிறவர்தான் முடிவுசெய்கிறார், தன்மை வினையில் பால் தெரியாது. மற்றவர்கள் நம்மைப்பற்றி மூன்றாம் ஆளிடம் பேசும் வரிகளுக்குத்தான் வந்தான், வந்தாள், வந்தார் என மூன்று வடிவம் வேண்டும். தோழர்கள் தொடக்கத்தில் 'நீங்கள்' என்றே அழைக்கட்டும். தோழர் நம்மீது வைத்திருக்கும் மதிப்பைக் காட்டும் எண் நாம் வைக்கும் எல்லையைத் தாண்டியதும் 'நீ' ஆகட்டும். தனிக் காட்சி எதுவும் எழுதாமலே அங்கே தடம் தெரியும். எல்லாரும் ஒரே நாளில் மாறினால் பொய்யாக இருக்கும். கர்வக்காரிக்கு எல்லையை உயர்த்தி வையுங்கள்.

மீதி ஒன்று: சேவ் ஸ்கம்மிங். பிடிக்காத விளைவு வந்ததும் பழைய சேமிப்பைத் திறப்பது. 'தடம் அழிப்பு' என்று எழுதிப் பார்த்தேன், குற்றப்பிரிவு வாசனை வருகிறது. ஒரே சேமிப்பு மட்டும் தரும் ஹானர் மோடை அதை வைத்து விளக்குவது சுலபம் என்பதால் இன்னும் அழிக்கவில்லை. வேறு சொல் இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள்.