கடற்காற்றும் பூச்சாடிகளும்: கொழும்பில் கன்று வளர்த்த கதைகள்

வெள்ளவத்தையிலிருந்து:

2003இல் இந்த வீட்டுக்கு வந்தபோது முன்பக்கம் ஒரு பாய் விரிக்கிற அளவு மண்தான் இருந்தது. கடல் இரண்டு ஒழுங்கை தள்ளி. யாழ்ப்பாணத்தில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் யாரும் பாராமலே பூத்ததைக் கண்டு வளர்ந்தவள் நான். பூக்கன்றுக்கு என்ன பெரிய வித்தை வேண்டும் என்று ஒன்பது ரோசாக் கன்று வாங்கி வைத்தேன். ஜூன் மாதத் தென்மேல் காற்று உப்பைக் கொண்டுவந்து பூசியது. இலை ஓரம் கருகியது. மிச்சத்தை மழையும் கரும்புள்ளி நோயும் பார்த்துக்கொண்டன. அதே காற்றில் போகன்விலாவும் அலரியும் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றன. இப்போது கடல் பக்கம் அவைதான்.

அப்புறம் அந்தூரியம். நல்ல மண், நிறைய மாட்டெரு, காலை மாலை தண்ணீர். மூன்று மாதத்தில் மஞ்சளித்துச் சாய்ந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சி மதிலுக்கு மேலால் பார்த்துவிட்டு உள்ளே வந்தா. செடியைப் பிடுங்கினால் வேர் கூழாகக் கையில் வழிந்தது. "துவே (மகளே), இது மரத்தில் தொற்றி வளர்கிற சாதி. மண்ணுக்குள் மூச்சு முட்டும்" என்றா. அழுகியதை வெட்டி எறிந்து, உடைந்த ஓடு, அடுப்புக்கரி, தும்புமட்டைத் துண்டு மூன்றும் போட்டு நட்டுத் தந்தா. மட்டையை மூன்று நாள் ஊறவைத்து அந்தத் தண்ணீரை வெளியே கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் கறை வேரைச் சுடும். வருடங்கள் போகத் தண்டு சாடிக்கு மேலே நீண்டு வெளியில் வேர் விடும். அந்த வேரோடு தலையை வெட்டி நட்டால் புதுக்கன்று. ஆச்சி நட்டுத் தந்த அந்த ஒன்றிலிருந்துதான் இன்றைக்கு என்னிடம் பதினாலு சாடி. ஆச்சி இப்போது இல்லை.

2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது மீன் கழுவிய தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். செடியை விடப் பூனைகள்தான் பெருகின.

ஆனால் நான் வெட்கப்பட்டது 2017இல். நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்த வருடம். சுகாதாரப் பரிசோதகர் வந்தார். சாடித் தட்டுகளில் எல்லாம் மணல் நிரப்பி வைத்திருந்தேன், கொஞ்சம் பெருமையாகவே காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு நேரே பிரோமிலியாட்டிடம் போனார். இலைகள் கிண்ணம் மாதிரிச் சேரும் நடுக்குழியில் தேங்கிய தண்ணீரை ஒரு வெள்ளைக் கோப்பையில் சரித்தார். குடம்பிகள் நெளிந்தன. "அம்மா, நுளம்புக்கு நீங்களே தொட்டில் கட்டியிருக்கிறீங்கள்" என்றார். வழக்குப் போடவில்லை, எச்சரிக்கையோடு விட்டார். முட்டை நுளம்பாக ஒரு வாரம் மட்டில் போதும். அன்றிலிருந்து ஞாயிறு காலையில் குழாயைப் பிடித்து ஒவ்வொரு குழியையும் பீச்சிக் கழுவிவிட்டுத்தான் எனக்குத் தேநீர்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அக்கா, எனக்குத் தோட்டமே இல்லை, தொடர்மாடியில் நாலாம் மாடி பல்கனி. சிங்களத்தில் கடுபுல் என்பார்களே, ராத்திரியில் விரிகிற வெள்ளைப் பூ, அது ஒரு சாடி. பேர்தான் சிங்களம், செடி மெக்சிக்கோப் பக்கத்துக் கள்ளிச் சாதி. மூன்று வருடம் வெறும் இலையாகவே நின்றது. 2019இல் ஒரு மொட்டு. ஒன்பது மணிக்கு மெல்ல வாய் திறந்தது, பதினொரு மணிக்குக் கையகலம். வாசம் படிக்கட்டு வரை போய்விட்டது. மேல்மாடி அன்ரி கதவைத் தட்டி, "என்ன சென்ட் கொட்டிப்போட்டுதா?" என்று கேட்டா. விடியத் துணி நனைந்த மாதிரித் தொங்கியது.

அன்ரி ஒரு இலை வாங்கிக்கொண்டு போனா. இந்த வருடம் அவவுக்கு ஐந்து பூ. எனக்கு இலைதான்.