மாவட்டச் செஸ் போட்டி ஆடியும் ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங், அதாவது ஆட்டத்திறனைக் காட்டும் எண், வரவில்லை, ஏன்?

கேள்வி:
மகளுக்கு 8 வயது. மாவட்டப் போட்டியில் 7 சுற்றில் 5 புள்ளி எடுத்தாள். செஸ் சங்கப் பதிவு உண்டு. ஃபிடே தளத்தில் ரேட்டிங் காலியாக இருக்கிறது. என்ன குறை?

பதில் 1:
குறை எதுவும் இல்லைங்க. மாவட்டப் போட்டி பெரும்பாலும் மாநிலப் போட்டிக்கான தேர்வு மட்டும்தான். ரேட்டிங் வேணும்னா, போட்டி தொடங்குவதற்கு முன்னாடியே தேசியச் செஸ் கூட்டமைப்பு அதை ஃபிடேயில் பதிஞ்சிருக்கணும். முடிஞ்சதும் நடுவர் தயாரிக்கும் முடிவுக் கோப்பும் அவங்க வழியாத்தான் போகும். ரேட்டிங் பட்டியல் மாதாமாதம் 1ஆம் தேதி வரும்.

பதில் 2:
முதல் ரேட்டிங்குக்கு, ரேட்டிங் உள்ளவங்களோட 5 ஆட்டம் வேணும். பல போட்டிகளில் சேர்த்துக்கலாம், ஆனா 26 மாசத்துக்குள். கணக்குப் போட்டு வர்ற ரேட்டிங் எண் 1400க்குக் கீழே இருந்தா ரேட்டிங் கிடையாது. முதல் போட்டியில் அரைப் புள்ளிகூட எடுக்கலைன்னா அது கணக்கிலேயே வராது.

பலரும் கோட்டை விடுறது இங்கதான்: 9 வயதுக்குட்பட்டோர் பிரிவில் பலருக்கு ரேட்டிங் இருக்காது. சுவரில் ஒட்டும் ஜோடிப் பட்டியலில் எதிராளி பெயருக்குப் பக்கத்தில் 0 இருந்தா, ஜெயிச்சாலும் அந்த ஆட்டம் உதவாது. கிளாசிக்கல் (நீண்ட நேர ஆட்டம்) ரேட்டிங் உள்ள ஓப்பன் போட்டிக்கு (எல்லா வயதினரும் ஆடுவது) அனுப்புங்க.

பதில் 3:
பெயர், பிறந்த தேதி இரண்டும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கணும். இனிஷியல் மாறினாலே ஒரே ஆளுக்கு இரண்டு ஃபிடே ஐடி (அடையாள எண்) உருவாகி, முடிவுகள் பிரிஞ்சு போகலாம். 5 ஆட்டமும் இரண்டு ஐடியில் 3, 2 எனச் சிதறினா ரேட்டிங் வராது. பதிவையும் வருஷா வருஷம் புதுப்பிக்கணும். வயசுப் பிரிவுக்கு ஜனவரி 1தான் கணக்கு.