கேஸ் போறணை பத்திப் பத்தி அணையுது, உதவி தேவை

களுவாஞ்சிக்குடியில ஒரு பேக்கரி, ரெண்டு தட்டு கேஸ் போறணை. மேல் பேர்னர் நீலமாப் பத்தும், ஐந்தாறு செக்கனில அணையும். கொன்ட்ரோல் பெட்டி திரும்பப் பொறி தட்டும், கடைசியில லொக் ஆகிச் சிவப்பு லைட். கீழ்த்தட்டு சுகமா எரியுது. ஆகவே சிலிண்டர், ரெகுலேட்டரில பிழையில்லை. ரெண்டு பெட்டியையும் மாத்திப் போட்டாலும் கோளாறு மேலேயேதான்.

சுவாலை உணரும் கம்பியை ஸ்டீல் வூலால துடைச்சா கொஞ்சம் நிக்குது. அதன்ட பீங்கானில மயிரளவு வெடிப்பு. அதில ஈரம் இறங்கினா, நெருப்பு எரியுதெண்டு பெட்டிக்குக் காட்டுற மைக்ரோஅம்பியர் அளவு சின்னக் கரண்ட் போறணையின்ட உடம்புக்குக் கசியும், பெட்டி நெருப்பில்லையெண்டு வால்வை மூடும். எர்த் ஸ்க்ரூவும் உப்புக்காத்தில துரு, சுரண்டி இறுக்கியாச்சு.

பீங்கானோட கம்பி கல்முனையில, மட்டக்களப்பில எங்க எடுக்கலாம்? மீட்டரைத் தொடரில போட்டு அளந்தாக்கள் எத்தனை மைக்ரோஅம்பியர் கண்டீங்க? சென்சரை (அந்தக் கம்பியை) விட்டுட்டு நேரடியாக் குடுக்கச் சொல்லாதீங்க, உள்ள கேஸ் நிறைஞ்சா போறணையே வெடிக்கும்.