புதுப்பிப்பு: ஐகோடெக்ஸ்ட்ரினும் குளுக்கோமீட்டரும்

லேப்ராஸ்கோபியில் (சிறுதுளை அறுவையில்) ஒட்டுத்திசுக்களைப் பிரித்தபின், அவை மீண்டும் ஒட்டாதிருக்க 4% ஐகோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து செய்த திரவம்) 1 லிட்டர் வயிற்றுக்குழியில் விடுவது பற்றிய முந்தைய இழையில் சேர்க்க வேண்டியவை. இதற்குப்பின் பெண்ணுறுப்பு உதடு வீங்குவது பார்க்கப் பயமாக இருக்கும். பெரும்பாலும் தானே வடிந்துவிடும். காய்ச்சலோ கூடிவரும் வலியோ சேர்ந்தால் தொற்றையும் குடல் துளையையும் தேடியே ஆக வேண்டும்.

அதைவிடக் கவனிக்காமல் போவது குளுக்கோமீட்டர். திரவம் 3–4 நாள் தங்கும். உறிஞ்சப்பட்டது இரத்தத்தில் மால்டோஸாக உடையும். ஜிடிஹெச்-பிகியூகியூ (GDH-PQQ) என்ற நொதி வகையில் இயங்கும் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் மால்டோஸையும் குளுக்கோஸாக எண்ணிவிடும். அந்தப் பொய் எண்ணை நம்பி இன்சுலின் போட்டால், சர்க்கரை நிஜமாகவே சரிந்தாலும் மீட்டர் காட்டாது. திரவம் நீங்கும்வரை ஆய்வகப் பரிசோதனை, இல்லையேல் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் ஸ்ட்ரிப். டிஸ்சார்ஜ் சீட்டிலும் எழுதுங்கள், வீட்டு மீட்டர் எந்த வகையோ!

சோளமாவு ஒவ்வாமை, கிளைகோஜன் சேமிப்பு நோய் உள்ளவர்களுக்கு இத்திரவம் கூடாது.